கல்லுக்குள் இருந்த வாய்

எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றபிறகு நான் எந்த வேலையிலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. எளாவூர் சோதனைச்சாவடியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் அவிழ்த்துக் கட்டினேன். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் மூட்டை இறக்கினேன். சுண்ணாம்புக்குளத்தில் கிளிஞ்சல் சூளைக்குப் போய், உள்ளங்கால் வெந்து இரண்டு மாதம் நடக்க முடியாமல் கிடந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில், பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற மணல்திட்டில் ஒரு மீனவக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அங்கே எனக்குக் கிடைத்த வேலையை அதற்கு முன்பு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. மீன்களைச் சாகாமல் வைத்திருக்கும் வேலை.

முதலாளி பட்டணத்துக்காரர். தெற்குக் கடலோரத்தில் சங்கு குளிப்பவர்களிடம் வண்ண மீன்களை வாங்கி, பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து ரயிலில் கொண்டுவருவார். வழியிலேயே பாதி செத்துவிடும். மிச்சம் உள்ளவை தெளியும்வரை வைத்திருக்க நல்ல கடல் தண்ணீர் வேண்டும், இடம் பட்டணத்துக்குப் பக்கமாகவும் இருக்க வேண்டும். அதற்காகக் குப்பத்தின் கடல் பக்கமாகக் கீற்றுக்கொட்டகை போட்டு, உள்ளே ஆறு சிமென்ட் தொட்டியும் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியும் கட்டியிருந்தார். தெளிந்த மீன்கள் விமானத்தில் வெளிநாடு போகும். அங்கே வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். குப்பத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"மீன நாம துன்னுவோம். இவரு மீனுக்கு சோறு போடுறாரு," என்று வலை பின்னுகிறவர்கள் என் காதுபடவே பேசுவார்கள். "இன்னாபா, உம் புள்ளைங்க சாப்ட்டுச்சா? தலை வாரி உட்டியா?"

மண்ணெண்ணெய் இன்ஜின் ஓடும்வரை தொட்டிக் குழாய்களில் காற்று வரும். அது நின்றால் சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றாவிட்டால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒருமுறை இன்ஜின் கெட்டு, ஒரு பகலும் ஓர் இரவும் ஊற்றினேன். கை தோளோடு வீங்கிவிட்டது. அதைத் தவிர வேலை லேசானதுதான். இறாலை நறுக்கிப் போட வேண்டும், செத்ததை எடுக்க வேண்டும், பாதித் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும்.

தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவர் குப்பத்தில் ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். விடியுமுன் வந்துவிடுவார். கரையில் உடைகிற அலையில் மணல் கலந்திருக்கும் என்பதால் அதைத் தாண்டி இடுப்பளவு ஆழத்துக்குப் போய்க் குடத்தை முக்கி, தலையில் வைத்துக் கொண்டுவந்து ஊற்றுவார். ஒரு நாளைக்கு நாற்பது குடம் இருக்கும். தண்ணீர் வற்றுகிற நேரம் ஏரிப் பக்கம் போய்ச் சேற்றில் தூண்டிலுக்குப் புழு தோண்டுவார். புருஷனுக்கு முந்தின வருடம் படகு உருண்டு முழங்கால் நசுங்கிப்போயிருந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போடுவார்.

அவர்கள் வீட்டுக்கு இருந்த ஒரே சொத்து பாடு. ஏரியில் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். யார், எந்த நாளில், எந்த இடத்தில் கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும். அதைத்தான் பாடு என்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு. புருஷனால் ஏரிக்கு இறங்க முடியாவிட்டாலும் அவர் பெயரில் சீட்டு விழும். அவருடைய தம்பி மகன் வலையைக் கட்டி, கிடைப்பதில் பாதியை வீட்டில் போடுவான். வருடத்துக்கு ஒரு குலுக்கல். திருட்டுக் குற்றம் நிற்கிற வீட்டின் சீட்டு மட்டும் பானைக்குள் போகாது. அப்படி ஆனால் அடுத்த குலுக்கல்வரை அந்த வீட்டு வலை நனையாது.

இனி கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கண்ணாடித் தொட்டி மட்டும் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. அதில் கடலடியில் இருப்பதைப் போலவே கல் அடுக்கி, கடல் பூக்கள் ஒட்டி, அழகான மீன்களாகப் பார்த்து விட்டிருந்தோம். கரையிலிருந்து கட்டுமரத்தில் இரண்டு மணி நேரம் போனால் தண்ணீருக்கு அடியில் பாறைத் தரை உண்டு. பார் என்பார்கள். அங்கே முங்கத் தெரிந்த ஒருவர் அவ்வப்போது கல் எடுத்துவந்து தருவார். கல் என்றால் வெறும் கல் இல்லை. சிவப்பும் பச்சையுமாகப் பாசி, விரல் நுனியளவு சிப்பிகள், தொட்டால் சுருங்குகிற பூக்கள் எல்லாம் மேலே குடியிருக்கும். உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்த விதி ஒன்று உண்டு. புதுக் கல்லை நேராகத் தொட்டியில் போடக் கூடாது. தனிப் பானையில் கடல் தண்ணீர் ஊற்றிப் பத்து நாள் பட்டினி போட வேண்டும். தினமும் இருட்டிய பிறகு நூலில் இறால் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால், உள்ளே ஒளிந்திருப்பது எதுவானாலும் பசிக்கு வெளியே வரும். அதைப் பிடித்து எறிந்துவிட்டுத்தான் கல்லைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

அந்த மாசியில் வந்த கல் ஆட்டுக்குட்டி அளவு இருந்தது. அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் முழுக்க ஊதாப் பூ. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர் ஒருவர் அடுத்த மாதம் நேரிலேயே வந்து பார்க்கப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். பானையில் இரண்டாம் நாளே பூக்கள் வாடத் தொடங்கின. பத்து நாள் வைத்தால் வெறும் கல்தான் மிஞ்சும் என்று தோன்றியது. இரண்டாம் நாள் சாயங்காலமே தூக்கித் தொட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் பூக்கள் எழுந்து விரிந்தன. எனக்கு அன்று ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து மஞ்சள் வண்ணாத்தி மீன் ஒன்றைக் காணவில்லை. செத்துக் கல்லிடுக்கில் கிடக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு இன்னொன்று. சிப்பிகள் வாயைத் திறந்தபடி உள்ளே எதுவும் இல்லாமல் கிடந்தன. அந்தச் சமயத்தில் முதலாளி என்னை மீன் பைகளோடு பட்டணத்துக்கு அனுப்பினார். விமான நிலையத்தில் பைகள் தேங்கிவிட்டதால் மூன்று நாள் அங்கேயே தங்கவேண்டி வந்தது. முதலாளி குப்பத்தில் இருந்தார். நான் திரும்பி வந்தபோது கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். விரல் விட்டு மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நீ போன அன்னிக்கு பதினேழு இருந்துது. இப்ப பதிமூணு," என்றார். "நீலப் பட்டு மீனு ரெண்டும் இல்ல. செத்த மீனும் இல்ல. ராத்திரி நான் இங்கதான் படுத்திருந்தேன். வெளிச்சம் வர்றதுக்கு முன்ன உள்ள வர்ற ஒரே ஆள் யாரு?"

நானும் குந்தி எண்ணிப் பார்த்தேன். பதிமூன்றுதான். அவர் விடவில்லை.

"குடத்துல தண்ணி கொண்டுவர்றா. போறப்ப குடம் காலியாத்தான் போவுதுன்னு யாரு பாத்தா? வடக்க ஒருத்தன் இதே யாவாரம் தொடங்கியிருக்கான்னு கேள்வி. அவனுக்குப் போவுது என் மீனு."

அன்று மாலையே ஊர் நாட்டாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். நாட்டார் என்பவர் குப்பத்தின் தலைவர். அமாவாசையன்று யாரும் கடலுக்குப் போவதில்லை, அன்றுதான் ஊர் கூடும். அடுத்து வரும் அமாவாசைக்குத்தான் பாடு பிரிக்கும் சீட்டும் குலுக்குவதாக இருந்தது. அதற்கு ஆறு நாள் இருந்தது. பிராதை அன்றே விசாரித்துவிட்டுக் குலுக்கலாம் என்றார் நாட்டார்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுத் திரும்பியபோது அதைப் பார்த்தேன். புதுக் கல்லின் அடியில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை ஒன்று. அதிலிருந்து ஐந்து மெல்லிய மீசைகள் வெளியே நீண்டு தண்ணீரைத் தடவிக்கொண்டிருந்தன. பிறகு தலை வந்தது. மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீரில் வெயில் பட்டால் நிறம் ஓடுமே, உடம்பெல்லாம் அப்படி மின்னியது. கத்தரிக்கோல் மாதிரி இரண்டு தாடைகள் திறந்தபடி நின்றன. சின்ன மீன் ஒன்று கிட்டே போனது. என் கண் அதைப் பிடிப்பதற்குள் மீன் ஓட்டைக்குள் போய்விட்டது. கொஞ்சம் செதில் மட்டும் சுழன்று கீழே இறங்கியது.

ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

"இருக்கும். நானும் கேள்விப்பட்டிருக்கேன். ஆனா புதுக் கல்லுலதான் அது வரும். நீ கல்லை பத்து நாள் பானைல வச்ச இல்ல?"

என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் சாப்பாட்டுக்காக. இது ஒரே ஒரு சொல்.

"வச்சேன்."

"தெனம் எறா கட்டிப் பாத்த?"

"பாத்தேன்."

"அப்ப புழு இல்ல. பாசி ஆடியிருக்கும். இருட்டுல அப்படித்தான் தெரியும்."

புழு இருக்கவே முடியாது என்று ஆக்கியவன் நான்தான். புழு இல்லை என்றால் திருடி உண்டு. வேலை போய்விடும் என்று பயந்து சொன்ன பொய், நேராக அக்காவின் தலையில் போய் உட்கார்ந்தது. அது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பதிலாகப் பாதி உண்மையோடு அக்காவிடம் போனேன். விஷயம் அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. தண்ணீர் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும் என்றார்.

"அக்கா, மீன புழு துன்னுது," என்றேன்.

குடத்தை இறக்கிவைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலைலயே போட்டுட்டியா? புழுவத்தான் மீனு துன்னும். அதுக்குத்தான நான் தெனம் சேத்துல முட்டி போடுறன்."

"கண்ணால பாத்தேன்."

"எனக்குக் காட்டு."

முதலாளி படகேறி ஏரிக்கு அக்கரையில் இருக்கிற ஊருக்குப் போயிருந்தார். அக்கா குடம் ஊற்றி முடித்தபோது வெயில் உச்சியில் இருந்தது. இருட்டில்தான் அது வெளியே வரும் என்பதால் தொட்டியைச் சுற்றித் தார்ப்பாயைப் போர்த்திப் பகலை இருட்டாக்கினோம். இருவரும் தார்ப்பாய்க்குள் தலையை விட்டு உட்கார்ந்தோம். உள்ளே மூச்சு முட்டியது. நூலில் இறாலைக் கட்டி ஓட்டைக்கு நேரே இறக்கினேன். ரொம்ப நேரம் எதுவும் இல்லை. பிறகு கையில் ஒரு சுண்டல். நூலை இழுத்தேன், நுனி கத்தியால் வெட்டியதைப் போல இருந்தது.

"எம்மாடி," என்றார் அக்கா மெதுவாக. பார்த்துவிட்டார். "இது எங்க ஏரிப் புழு இல்ல. அதுக்கு இம்மாம் வாயி இல்ல." அறுந்த நூலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எப்டி உள்ள வந்துச்சி?" என்று கேட்டார்.

"கல்லோட வந்திருக்கும்," என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

தூண்டில் முள்ளில் இறாலைக் கோத்துப் பார்த்தோம். முள்ளை விட்டுவிட்டு இறாலை மட்டும் உருவிக்கொண்டு போனது. கம்பியில் சுருக்குப் போட்டோம். மீசை கம்பியில் பட்டதுமே உள்ளே போய்விட்டது. இப்படியே மூன்று நாள் ஓடியது. அதற்குள் இன்னும் இரண்டு மீன் குறைந்தது. அக்கா தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே போகும்போதெல்லாம் முதலாளி வாசலில் நின்று காலிக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். அவரும் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனார். அதைப் பார்த்துக்கொண்டு நான் இறால் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

கல்லை உடைக்கலாமா என்று நான் முதலாளியிடம் கேட்டதற்கு, "அந்தக் கல்லுமேல கை வச்ச, நீ இன்னிக்கே படகேறலாம்," என்றார். வாங்க வருகிறவருக்குக் காட்ட அந்தக் கல்தான் இருந்தது.

அமாவாசைக்கு முதல் நாள் காலை முதலாளி மண்ணெண்ணெய் வாங்க மறுபடியும் படகேறினார். அக்கா சொன்னார்: "கல்ல வெளிய எடு. ஓட்டைல ஊத்துத் தண்ணி ஊத்துவோம். உப்புல பொறந்ததுக்கு நல்ல தண்ணி ஆவாது. எரிச்சல்ல வரும்." இருவரும் கல்லைத் தூக்கி ஈர மணலில் வைத்தோம். காற்றில் அதிக நேரம் வைத்தால் பூக்கள் செத்துவிடும். மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைச் சொம்பால் மேலோட்டையில் ஊற்றினேன். கல்லுக்குள் ஏதோ உரசுகிற ஓசை கேட்டது. பின்பக்கம் ஒரு வெடிப்பிலிருந்து வால் வெளியே வழிந்தது. ஒரு முழம், இரண்டு முழம். அக்கா எட்டிப் பிடித்தார். அது உள்ளே இறுக்கிக்கொண்டது. அவர் விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். ஒரு விரல் நீளம் வெளியே வரும், அரை விரல் உள்ளே போகும்.

"அப்டியே புடிச்சினு இரு அக்கா, நான் இன்னும் ஊத்துறேன்," என்றேன். சொம்பை எடுக்கத் திரும்பினேன். ஒரு சின்ன ஓசை. திரும்பிப் பார்த்தால் வால் அவர் கையில் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. மிச்சம் கல்லுக்குள் போய்விட்டிருந்தது.

அவர் தன் கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரிச்சேற்றில் புழு தோண்டுகிற பெண்கள் யாரும் முழுப் புழுவை எடுக்க மாட்டார்கள். கைக்கு வந்த வால் பக்கத்தை நகத்தால் கிள்ளிக்கொண்டு தலையைச் சேற்றுக்கே விட்டுவிடுவார்கள். தலை இருந்தால் வால் திரும்பவும் வளரும். கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடியும் தோண்டலாம். முழுசாகப் பிடுங்குகிறவளை மற்றவர்கள் ஏசுவார்கள். பத்து வயதிலிருந்து அந்தக் கை கிள்ளிக் கிள்ளிப் பழகியிருந்தது. புழு இழுபட்டு இறுகியதும் நகம் தானாக வேலையைச் செய்துவிட்டது.

"நான் கிள்ளல தம்பி," என்றார். "கை கிள்ளிச்சி."

கல்லைத் தொட்டியில் வைத்தோம். ஒரு பக்கப் பூக்கள் பழுப்பாகித் தொங்கின. வாலைச் சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு நாட்டாரிடம் போனோம். முதலாளியும் அங்கே வந்து சேர்ந்தார்.

"பொழுதன்னிக்கும் சேத்துல நோண்டறவ. ஒரு புழுவக் கொண்டுவர்றதா கஷ்டம்?" என்றார் முதலாளி.

நாட்டார் வாலை ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தார். எழுபது வயது மனிதர், கடலில் பார்க்காதது கொஞ்சம்தான். "ஏரிப் புழு இல்ல முதலாளி. அத்த நான் ஒத்துக்கிறன்," என்றார். அக்காவின் பக்கம் திரும்பினார். "ஆனா இதுக்கு வாயி எங்கம்மா? வாயில்லாதது மீன துன்னுச்சின்னு நாளைக்கு அத்தினி பேரு முன்னால நான் எப்டி சொல்றது? வாயக் கொண்டா, பேசலாம்."

அன்று மாலை முழுக்கத் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தேன். இறாலை இறக்கினேன், மீன் குடலை இறக்கினேன். அது வரவில்லை. வால் போன வலியில் சுருண்டு கிடந்ததோ, வேறு கல்லுக்கு மாறிவிட்டதோ, உள்ளேயே செத்துவிட்டதோ. தொட்டியில் பதினொரு கல் இருந்தது. அது எதில் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமில்லை.

விடிந்ததும் அக்கா தண்ணீர் கொண்டுவரவில்லை. புருஷனுக்கு வேட்டி துவைத்துப் போடுவதாகச் சொன்னார்கள். ஊர் கூட்டத்துக்கு அவர் தடியூன்றி வந்து நிற்க வேண்டும்.

கோயிலுக்கு முன்னால் சவுக்கு நிழலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். சீட்டுப் பானை நாட்டாருக்குப் பக்கத்தில் இருந்தது. முதலாளிக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் கொட்டகையை விட்டுக் கிளம்பிய பிறகு நான் ஊதாப் பூக் கல்லைத் தொட்டியிலிருந்து எடுத்து, அகலமான அலுமினியக் குண்டானில் வைத்துக் கடல் தண்ணீர் ஊற்றித் தலையில் தூக்கினேன். கடப்பாரையை ஒரு கையில் பிடித்துக்கொண்டேன். மணலில் முந்நூறு அடிதான் தூரம். தண்ணீர் ததும்பிக் கண்ணில் இறங்கியது. போகிற வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். இதில் அது இல்லாவிட்டால் கல்லும் போகும், வேலையும் போகும், அந்த வீட்டுச் சீட்டும் போகும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் புருஷன் நடுவில் நின்றுகொண்டிருந்தார். யாரோ அவரிடம், "பொம்பளய அடக்கத் தெர்ல, பாடு மட்டும் வோணுமா நைனா?" என்று கேட்டார்கள். அவர் தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

குண்டானை இறக்கினேன். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"டேய். வையி அத்த. கல்லு மேல கை வைக்காத."

"நாட்டாரே," என்றேன். "கல்ல பத்து நாள் பானைல வச்சேன்னு முதலாளிகிட்ட பொய் சொன்னேன். ரெண்டு நாள்தான் வச்சேன். உள்ள புழு இருந்துச்சி. நான்தான் தொட்டில உட்டேன்."

பெண்கள் பக்கம் நான் பார்க்கவில்லை.

"கல்ல ஒடை," என்றார் நாட்டார்.

முதல் அடியில் பூப் பக்கம் பெயர்ந்து விழுந்தது. உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு, சின்ன நண்டு ஒன்று. இரண்டாவது அடியில் கல் இரண்டாகப் பிளந்தது. ஓட்டை நீளமாக ஓடி வளைந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. ஓட்டைச் சுவரில் பழைய கோழைதான் ஒட்டியிருந்தது. "காலியாக் கீது," என்று ஒருவன் சொன்னான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முதலாளி, "முடிஞ்சுதா உங்க நாடகம்?" என்றார்.

பெரிய துண்டைப் புரட்டினேன். வளைந்த ஓட்டை அதற்குள்ளே தொடர்ந்தது. கடப்பாரை நுனியை வெடிப்பில் கொடுத்து நெம்பினேன். வரவில்லை. மறுபடியும் நெம்பினேன். மூடி திறப்பதுபோல ஒரு சில்லு எகிறியது. உள்ளே அது சுருண்டிருந்தது. வால் அறுந்த இடம் வெளுத்திருந்தது. அதைச் சுற்றி மீன் முட்கள் கிடந்தன. ஓரத்தில் நீல நிறத் துடுப்பு ஒன்று நசுங்காமல் அப்படியே இருந்தது.

நாட்டார் எழுந்து வந்து குனிந்தார். பக்கத்தில் ஒரு கூடையில் முந்தின நாள் மிச்சமாகக் கிடந்த விரலளவு மடவை மீனை எடுத்து அதற்கு நேரே நீட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தாடை மூடியது. மடவையின் தலை நாட்டார் கையில் இருந்தது, மீதி கீழே விழுந்தது. அவர் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வாயி கீது," என்றார்.

அக்காவின் வீட்டுச் சீட்டை அவரே மடித்துப் பானையில் போட்டார். பிறகு குலுக்கினார்கள். அந்த வீட்டுக்கு நடுவாந்திரமான இடம் விழுந்தது. நல்லதும் இல்லை, மோசமும் இல்லை. அக்காவின் புருஷன் அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.

என் விஷயத்தைக் கடைசியில் எடுத்தார்கள். "ஒரு பொய்யி ஆறு நாளு எங்க ஊர்ல படுத்துக்கினு இருந்துகீது," என்றார் நாட்டார். "முதலாளி ஒருத்தியத் திருடின்னு சொன்னாரு. இனிமே எங்க பொம்பளைங்க அவருக்குத் தண்ணி தூக்க மாட்டாங்க. மீன எடுத்துக்கினு அவரு போறவரைக்கும் நீ தூக்கு. அப்பறம் நீயும் கெளம்பு." முதலாளி என்னை ஏசவில்லை. "எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே கல்ல மாத்தியிருப்பேனே," என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான்.

மீன்களை எடுத்துப்போக நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அலையைத் தாண்டிப் போய்க் குடம் குடமாகத் தூக்கினேன். முதல் நாளே கழுத்து திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலை அக்கா புழுக்கூடையோடு ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நின்றார். கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"வேலை போயிடும்னு பயம், அக்கா."

"எனக்கும் பயந்தான்," என்றார். "நான் தெனம் வந்து கொடத்தக் கவுத்துக் காட்னன் இல்ல?"

குடம் தலையில் இருந்ததால் எனக்குத் தலை குனியக்கூட முடியவில்லை. அவர் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு போய்விட்டார். கொட்டகையில் இன்ஜின் இரைச்சல் விட்டு விட்டுக் கேட்டது, எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தது. தொட்டிகளுக்கு இன்னும் பதினாறு குடம் பாக்கி.